கண்டக்டர் சிரித்த படம்

டாக்டரம்மாவுக்கு ஆளைப் பார்த்தாலே போதும், மனதில் இருப்பதைப் புட்டுப் புட்டு வைத்துவிடுவார் என்று அந்த மனநலப் பிரிவில் பேச்சு. அதைப் பரப்பியதில் பாதிப் பங்கு அவருக்கே உண்டு. வருஷம் ஏற ஏற நம்பிக்கை ஏறியது நிஜம். கணிப்பும் கூடவே ஏறியதா என்று எவரும் சரிபார்த்ததில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது?

புதிதாக வந்த பயிற்சி அதிகாரி கட்டினார். மூத்தவர்களும் நோயாளியிடம் பேசுவதைப் படம் பிடிக்க வேண்டும். எல்லோரும் பார்த்து, அந்த நோயாளி மறுபடி உயிரை மாய்த்துக்கொள்ள முயலும் ஆபத்து எவ்வளவு என்று தனித்தனியே மார்க் போட வேண்டும். நம் திறமையை நாலு பேர் பார்க்கட்டுமே என்று டாக்டரம்மாவும் சம்மதித்தார்.

அவர் பேசியது ஒரு பஸ் கண்டக்டரிடம். போன மாதம் சாகத் துணிந்து, எப்படியோ காப்பாற்றப்பட்டு வந்து சேர்ந்தவர். இப்போது வார்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். “படத்துல நடிக்கணுமா? ஹீரோயின் இவதானா?” என்று மனைவியைக் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். இன்று மதியம் வீட்டுக்குப் போகிறார்.

கூட்ட அறையில் எல்லோர் முன்னும் படம் ஓடியது.

“இப்ப சாகணும்கிற நெனப்பு இருக்கா?”

“மேல போற பஸ்ல ஒரே கூட்டமாம் டாக்டர். நிக்கக்கூட எடமில்லையாம்!”

படத்திலும் சிரிப்பு, அறையிலும் சிரிப்பு. எல்லோரும் ஆபத்து குறைவு என்று மார்க் போட்டார்கள். எல்லோரையும்விடக் குறைவாகப் போட்டவர் டாக்டரம்மா.

“அந்த பஸ் ஜோக்கை இன்னொரு தடவை போடுங்களேன்” என்றார், ஆசையாக.

போட்டார்கள். கேள்வி விழுந்ததும் கண்டக்டர் டாக்டரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகே ஜோக் வந்தது. படத்து டாக்டரம்மா குலுங்கிச் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

“ஐயையோ, பொண்டாட்டிய பக்கத்துல வச்சுக்கிட்டா இதக் கேட்டேன்! என் மார்க்க அடிச்சிடுங்க” என்று சொல்லிக்கொண்டே அவர் வார்டுக்கு ஓடினார்.

அங்கே பை கட்டித் தயாராக இருந்தது. மனைவியைச் சற்று வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“இப்ப ஜோக் வேணாம். சாகணும்னு இன்னும் தோணுதா?”

கண்டக்டர் பையின் வாரை உருட்டிக்கொண்டே இருந்தார்.

“தோணுது டாக்டர். நேத்துகூட.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“அவ இப்பத்தான் நிம்மதியா இருக்கா. நீங்களும் அவ்வளவு நல்லா சிரிச்சீங்க. கெடுக்க மனசு வரல.”

டாக்டரம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்லவேளை, இன்னும் ஆள் போகவில்லை.

“இன்னிக்கு வீடு வேணாம். இங்கயே இருங்க, சேர்ந்து பாத்துக்கலாம். வீட்டுக்காரம்மாகிட்ட நீங்களே சொல்றீங்களா?”

தலையாட்டினார். மனைவி உள்ளே வந்ததும் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார். அந்த அம்மா அழுவார் என்று டாக்டரம்மா கணித்தார். அதுவும் தப்பு.

“எனக்காகவா ஜோக் அடிச்சீங்க?” என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார் அவர். “நானும் உங்களுக்காகத்தானே சிரிச்சேன்! பாதி ஜோக் சகிக்கல.”

கண்டக்டர் திருதிருவென்று விழித்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். சிரிப்போடு அழுகையும் வந்தது, அதை அவர் மறைக்கவில்லை. மனைவி பையைப் பிரித்துச் சட்டைகளை மறுபடி அலமாரியில் வைக்கத் தொடங்கினார்.