உதடு ஒட்டாத சொல்

'வே' என்று சொல்லும்போது உதடு ஒட்டாது. திரையில் அசையும் உதட்டுக்குப் பொருந்துகிற மாதிரி தமிழில் டப்பிங் வசனம் எழுதுகிற எனக்கு அதுதான் முதல் கவலை. அந்த மெக்சிகோ நாட்டு ஸ்பானியத் தொடரில் வரும் இரண்டு நண்பர்களும் மூச்சுக்கு மூச்சு ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எழுத்தில் முன்னால் ஒரு 'க்' உண்டு. வாய்க்கு வருவதற்குள் கரைந்துவிடும். சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். காயடித்த எருது. முதலில் மந்தமானவனைத் திட்டத்தான் பயன்பட்டிருக்கிறது. விடலைகள் சொல்லிச் சொல்லித் தேய்த்ததில் தோழனைக் கூப்பிடுகிற சொல்லாகிவிட்டது. வசவு அங்கே பாசமாகியிருக்கிறது, எங்கள் வீட்டில் ஆகவில்லை.

நண்பர்கள் இருவருக்கும் குரல் கொடுப்பவர்கள் என் கணவரும் என் தம்பியும். அவர்களுக்குள் மூன்று வருடமாகப் பேச்சில்லை. ஒரு விருந்தில் வாய்த்தகராறு முற்றி, எங்களுக்குக் குழந்தை இல்லாததை வைத்து, உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் தம்பி அவரை "காயடிச்ச மாடு" என்றான். நரம்பில்லாத நாக்கு. அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அன்றிலிருந்து நான் மத்தளம், இரண்டு பக்கமும் இடி. தொழிலுக்கு மட்டும் குறையில்லை. டப்பிங்கில் ஆளுக்கொரு நாள் தனியாக வந்து பேசிவிட்டுப் போகலாம், முகம் பார்க்கவே வேண்டாம்.

'வே' வந்த இடத்திலெல்லாம் 'டேய்' என்று எழுதினேன். அதற்கும் உதடு ஒட்டாது. கடைசிப் பகுதி பேச வந்த அன்று தம்பி கேட்டான்.

"அக்கா, அவங்க சொல்றாங்களே, அதுக்கு நிஜமா என்ன அர்த்தம்?"

"மாடு. காயடிச்சது."

அவன் என்னைப் பார்க்காமல் உள்ளே போனான். நானும் அங்கே நிற்கவில்லை. கோபம் எனக்கும் இருந்தது.

மறுநாள் கணவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். பேருந்து கிளம்புகிறது; ஒருவன் பின்னாலிருந்து கூப்பிட, மற்றவன் திரும்பி "வந்துடுவேன்டா" என்று சொல்ல வேண்டும். முந்தின நாள் பதிவான தம்பியின் குரல் ஓடியது.

"மச்சான்!"

நான் எழுதாத சொல். கணவர் தன் வசனத்தை விட்டுவிட்டார்.

"சாரி சார், 'ம'வுக்கு உதடு மூடுது, படத்துல மூடல," என்றார் ஒலிப்பதிவாளர். "அவரக் கூப்பிட்டு டேய்னு மாத்திக்கறோம்."

"மாத்த வேணாம். இன்னொரு தடவ போடுங்க."

போட்டார். கணவர் இரண்டு கையாலும் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். திரையில் அந்தப் பையன் திரும்பி வாயசைத்தான், குரல் வரவில்லை, பேருந்து போய்விட்டது.

"இன்னொரு தடவ," என்றார்.