காசிமிரின் கடைசிப் பவுன்சர்

டெல்ராய் காசிமிர் எவ்வளவு வேகமாகப் பந்து போடுவார் என்று நிஷாந்தனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டொமினிக்கா தீவிலிருந்து வந்த அந்த நெட்டை மனிதர், மேற்கிந்திய அணியில் ஆடத் தொடங்கிய முதல் வருடமே பெரிய பெரிய துடுப்பாட்டக்காரர்களைப் பின்வாங்கி நிற்க வைத்தவர். பிறகு கிரிக்கெட் வாரியத்தோடு தகராறு. அணியில் இடம் போனது. லீக் லீக்காக அலைந்தார். முப்பத்து மூன்று வயதில், எல்லோரும் மறந்த பிறகு, சார்ஜாவில் நடந்த குறுந்தொடருக்காக மீண்டும் கூப்பிட்டார்கள். இங்கே நன்றாகப் போட்டால் இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆடலாம். அவரைத் தெரிந்த எல்லோருக்கும் அது தெரியும்.

நிஷாந்தனுக்கு சார்ஜாவை அடுத்த அஜ்மானில் சுங்க முகவர் அலுவலகம் ஒன்றில் வேலை. யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணிக்கு ஆடியவன்; இங்கே விடுமுறை நாட்களில் அலுவலக அணிக்குத் தொடக்க ஆட்டக்காரன். மேற்கிந்தியர்களின் வலைப்பயிற்சிக்கு உள்ளூர் ஆட்டக்காரர்கள் வேண்டும் என்ற செய்தியை அலுவலக அணித்தலைவன் அஹ்சன் கொண்டுவந்தபோது, அன்றைக்கே லீவு சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளூர்க்காரர்களுக்கு மெதுவாகப் போடும்படி பயிற்சியாளர் சொல்லியிருந்தார். காசிமிரும் அப்படியே போட்டார். நிஷாந்தன் இரண்டு பந்துகளை வலது பக்கம் அழகாக விரட்டினான். வலைக்குப் பின்னால் யாரோ கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் தலைக்கு ஏறிவிட்டது.

"உங்கள் உண்மையான பந்து ஒன்று போடுங்கள், சார்! பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்!" என்று மட்டையை உயர்த்திக் கத்தினான்.

எல்லோரும் சிரித்தார்கள். காசிமிர் பயிற்சியாளரைப் பார்த்தார். ஒன்றே ஒன்று என்பதுபோல் பயிற்சியாளர் ஒரு விரலைக் காட்டினார்.

நிஷாந்தன் அந்தப் பந்தைப் பார்க்கவே இல்லை. ஹெல்மெட்டின் விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவே அது நுழைந்தது. நினைவு வந்தபோது தலை காசிமிரின் மடியில் இருந்தது. பெரிய கருத்த கை ஒன்று துவாயை அவன் முகத்தில் அழுத்திக்கொண்டிருந்தது. "தூங்காதே, தூங்காதே" என்று அந்த மனிதர் ஆம்புலன்ஸ் வரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

இடது கண்ணை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காசிமிர் மருத்துவமனைக்கு வந்தார். கட்டில் அருகே நின்ற நிஷாந்தனின் மனைவி தக்ஷாயினி அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இவர் ஏன் இஞ்ச வந்தவர்? போகச் சொல்லுங்கோ."

"நான்தான் கேட்டனான், தக்ஷா. கேட்டபடியால்தான் போட்டவர்."

"கேட்டால் போடுறதே? கேட்டவருக்கும் விசர், போட்டவருக்கும் விசர்!"

காசிமிருக்குத் தமிழ் புரியவில்லை. ஆனால் புரிந்தது. நாற்காலியின் நுனியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

தொடரின் முதல் ஆட்டத்தை நிஷாந்தன் டாக்டர் வேண்டாம் என்று சொல்லியும் கைப்பேசியில் பார்த்தான். காசிமிர் ஓடி வந்த ஓட்டம் பழைய ஓட்டம்தான். ஆனால் ஒரு பந்துகூடப் பவுன்சராக மார்புக்கு மேலே எழும்பவில்லை. எல்லாம் காலடியில். எதிரணிக்காரர்கள் முதலில் பயந்தார்கள், பிறகு சந்தேகப்பட்டார்கள், பிறகு முன்காலை நீட்டி விளாசத் தொடங்கினார்கள். இரண்டாவது ஆட்டத்திலும் அதே கதை. மூன்றாவது ஆட்டத்துக்கான அணியில் காசிமிரின் பெயர் இல்லை.

நிஷாந்தனுக்குக் கோபம் வந்தது. கண் போன அன்றுகூட வராத கோபம். தன் கண்ணை எடுத்தது உலகத்திலேயே வேகமான பந்து என்று நினைத்து அல்லவா அவன் மனதைத் தேற்றி வைத்திருந்தான்? இப்போது அந்த மனிதர் சாதாரணப் பந்துவீச்சாளராகிவிட்டால், போன கண்ணுக்கு என்ன அர்த்தம்?

வீட்டுக்கு வந்ததும் அஹ்சனிடம் எண் வாங்கிக் காசிமிரை அழைத்தான்.

"ஏன் பவுன்சர் போடவில்லை?"

"பந்தை விடும்போது உன் முகம் வந்துவிடுகிறது."

"அப்படியானால் என் முகத்தை மறுபடி பாருங்கள். நாளை காலை வலையில் நான் வந்து நிற்கிறேன்."

"உனக்குப் பைத்தியம்."

"வாருங்கள்."

தக்ஷாயினி அழுதாள், சண்டை பிடித்தாள். கடைசியில், அவனைத் தனியாக அனுப்பப் பயந்து தானே காரை ஓட்டினாள்.

காலையிலேயே வெயில் சுட்டது. மைதானத்தில் அவர்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. அஹ்சன் கொடுத்த புது ஹெல்மெட்டை நிஷாந்தன் கண்கட்டின் மேலேயே மெல்ல மாட்டிக்கொண்டான். வலைக்கு வெளியே தக்ஷாயினி இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காசிமிர் ஓடி வந்தார். கோட்டருகே வந்ததும் கை மேலே போகவில்லை. அப்படியே ஓடிக் கடந்துபோய், குனிந்து மூச்சு வாங்கினார். இரண்டாவது முறையும் அப்படித்தான்.

"போடுங்கள்!" என்று நிஷாந்தன் கத்தினான். "நான் நிற்கிறேன் அல்லவா!"

மூன்றாவது முறை காசிமிர் பாதி ஓட்டத்தில் நின்று, கையைச் சுழற்றி ஒரு பந்தை அனுப்பினார். பச்சைப் பிள்ளைக்குப் போடும் பந்து. மெதுவாக மிதந்து வந்து ஒருமுறை எழும்பியது. நிஷாந்தன் காலை நீட்டி மட்டையை வீசினான். மட்டை காற்றை அடித்தது. பந்து அவனைத் தாண்டிப் போய் ஸ்டம்பைத் தட்டியது.

"இன்னொன்று."

இன்னொன்றும் அப்படியே போனது. பந்து எங்கே வருகிறது என்று தெரிந்தது. எப்போது வருகிறது என்றுதான் தெரியவில்லை. கண் ஒன்று போனால் தூரமும் போய்விடும் என்று டாக்டர் சொன்னது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அடுத்த பந்துக்கு மட்டையை முன்கூட்டியே வீசினான். அடுத்ததற்குத் தாமதமாக.

காசிமிர் பந்துவீசுவதை நிறுத்தினார். நடந்து வந்து, நிஷாந்தனின் ஹெல்மெட்டைத் தன் கையாலேயே கழற்றினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"போதும்," என்றார். "நம் இரண்டு பேருக்கும் போதும்."

தக்ஷாயினி உள்ளே வந்து கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, காசிமிரைப் பார்த்து, "வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றாள். அவர் புரியாமல் தலையசைத்தார். ஆனால் வரவில்லை. அன்றிரவு அணி கிளம்பியது.

சில வாரங்களில் காசிமிர் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லியிருந்தார். அலுவலகத்தில் அஹ்சன் அதை உரக்க வாசித்துவிட்டு, "முழங்காலாம், பாவம். உனக்குத் தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும்," என்றான் நிஷாந்தன். "முழங்கால்தான்."