மணவாளன் பேசிய இங்கிலீஷ்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெரியவர்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திவந்தாள் வெண்மதி. கடைக்காரர்கள், வெளிநாடு போகத் தயாராகும் நர்ஸுகள், புரமோஷனுக்குக் காத்திருக்கும் கிளார்க்குகள் என்று மாலையில் மாடி அறை நிறைந்துவிடும். அங்கேதான் ஒரு நாள் மணவாளன் வந்து சேர்ந்தார். பார்த்ததுமே அவர் யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

சிதம்பரம் அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்று அவருடையது. வெண்மதியின் அம்மா இருசம்மாள் அங்கே பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். வெண்மதி எட்டாவது படித்தபோது மணவாளன் மனைவியின் சங்கிலி காணாமல் போனது. பையன்கள் மாடியிலிருந்து வேடிக்கை பார்க்க, இருசம்மாளைத் தெருவில் நிறுத்தி முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார் மணவாளன். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளும் அதைப் பார்த்தாள். பிறகு சங்கிலி அவர் வீட்டு பீரோவிலேயே கிடைத்தது. லாட்ஜ் சமையல்காரர் சிங்காரம் சொல்லித்தான் அது தெரியும். மணவாளன் வெளியே மூச்சுவிடவில்லை. திருடி என்ற பேரோடு குடும்பம் கடலூருக்கு வந்தது. இருசம்மாள் அதற்குப் பிறகு சிதம்பரம் பக்கமே போகவில்லை.

"பொண்ணுக்குக் கல்யாணம், டீச்சர்," என்றார் மணவாளன். "மாப்ள டில்லிக்காரரு. சம்பந்தி வூட்ல யாருக்கும் தமிழ் தெரியாது. ரிசப்ஷன்ல நாலு வார்த்த இங்கிலீஷ்ல பேசணும். நான் பி.ஏ. படிச்சவன்னு ஊர்ல சொல்லி வெச்சிருக்கேன். அதான் சிதம்பரத்துல கத்துக்காம இங்க வந்தேன். நீங்களே எழுதிக் குடுத்துடுங்க."

"எழுதித் தரேன் சார்," என்றாள் வெண்மதி.

அன்றைக்கே எழுதினாள். முதலில் வரவேற்பு, கடைசியில் வாழ்த்து. நடுவில் நான்கு வரி. லாட்ஜ், செயின், கோல்டு என்று அவர் காதில் விழுந்திருக்கக்கூடிய சொல் எதுவும் வராமல் பார்த்துக்கொண்டாள். எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் பிரித்து எழுதிக் கொடுத்தாள்.

"இந்த எடம் மாப்ளயோட அம்மாவப் புகழ்றது. அவசரப்படாம, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க சார்."

அவர் பக்தியாக மனப்பாடம் செய்தார். பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வெண்மதி அதை வகுப்பில் எல்லோருக்கும் அரிந்து கொடுத்தாள். தான் ஒரு சுளையும் தொடவில்லை.

"கல்யாணத்துக்கு நீங்க அவசியம் வரணும், டீச்சர்."

"அம்மாவையும் கூட்டிக்கிட்டு வரேன்."

சிதம்பரத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்த அம்மாவைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தாள். மணவாளன் மைக்கைப் பிடித்தார். வரவேற்பைச் சொன்னபோது கைதட்டினார்கள். அடுத்த வரிகளை நிறுத்தி நிறுத்தி, கணீரென்று சொன்னார். வெண்மதி அம்மாவின் காதோடு குனிந்து அவற்றைத் தமிழில் சொன்னாள்.

"என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண்மேல் பொய்ப்பழி போட்டேன். ஊர் பார்க்க அவளை அவமானப்படுத்தினேன். தொலைந்தது என் வீட்டிலேயே இருந்தது. அதை மறைத்துவிட்டேன்."

சம்பந்திகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லாட்ஜில் தங்கிப் படித்தவர்கள் தலையைத் திருப்பிக் கிசுகிசுத்தார்கள். மணப்பெண் கனிமொழி எழுந்துவந்து மைக்கைக் கையால் மூடினாள்.

"என்னப்பா சொல்றீங்க? யாரு அந்தப் பொம்பள?"

அவள் விளக்கிச் சொன்னபிறகுதான் மணவாளனுக்குப் புரிந்தது. அவர் கண் கூட்டத்தைத் துழாவி, டீச்சரிடம் வந்து, பக்கத்தில் இருந்த முகத்தில் நின்றது.

"பொய்யி. எவளோ எழுதிக் குடுத்து..." என்று ஆரம்பித்தார்.

"பொய் இல்ல," என்றாள் அவர் மனைவி ஞானாம்பாள், மேடை ஓரத்திலிருந்து. "சங்கிலி நம்ம பீரோவுலதான் கெடந்துது. சொல்லிடலாம்னு நான் அப்பவே சொன்னேன்."

வெண்மதிக்கு உடம்பெல்லாம் இனித்தது. இத்தனை வருஷமும் இதற்காகத்தான் இங்கிலீஷ் படித்தோமோ என்றுகூடத் தோன்றியது.

மண்டப வாசலில் மணவாளன் ஓடிவந்து மறித்தார். "கல்யாண வூட்டுலயா பழி வாங்குவீங்க? எம்பொண்ணு அழுவுறா."

"நானும் அழுதேன் சார். நடுத்தெருவுல. ஒங்க முன்னாடிதான்."

அவர் இருசம்மாளைப் பார்த்தார். அவள் நிதானமாக முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வழி வுடுங்க," என்றாள். பிறகு மகளிடம், "பசிக்குதுடி. பஸ் ஸ்டாண்டாண்ட எங்கனா சாப்புட்டுட்டுப் போவலாம்."