தெருவுக்கு ஒரு காய்ச்சல்

அந்தத் தெருவுக்கு மொத்தம் ஒரே ஒரு காய்ச்சல்தான் இருந்தது. அதை வீடுவீடாக முறைவைத்துப் படுத்து வந்தார்கள். ஒரு வீட்டில் வாரம் முடிந்ததும் பழுப்புக் கம்பளி ஒன்றை மடித்து அடுத்த வீட்டில் கொடுப்பார்கள்; காய்ச்சல் கம்பளியோடு போய்விடும். குழாயடித் தண்ணீர் முறை மாதிரிதான், சண்டையும் அதே அளவுதான். கோடை விடுமுறையில் பொதுச் சுகாதாரக் களப்பணிக்காக வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவ மாணவி இதை வந்த வாரமே கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தவள் சும்மா இருந்திருக்கலாம். அந்த வாரம் முறை பேக்கரிக்காரருக்கு; அவர் வீட்டில் கம்பளியை வாங்கி, சோடா போட்டுக் கொதிக்கவைத்து, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டாள். பேக்கரிக்காரர் எழுந்து மாவு பிசையப் போய்விட்டார். அவளுடைய பேராசிரியர் ஊரிலிருந்து போனில் பாராட்டினார். தெரு மட்டும் அவளோடு முகம்கொடுத்துப் பேசுவதை நிறுத்தியது.

அடுத்து இஸ்திரிக்காரம்மாவின் முறை. லாரி ஓட்டும் மகன் அவருக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் வருவான். தலைமாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுப்பான். அதற்காகவே வருஷம் முழுக்கக் காத்திருந்தார்.

"காய்ச்சல்னு சும்மா சொல்லிக் கூப்பிட்டா வரமாட்டாரா?" என்றாள் மாணவி.

"நெத்தியைத் தொட்டுப் பாப்பான்மா அவன். படிச்ச பொண்ணு, இதுகூடத் தெரியலியே."

போக்கிடமில்லாத காய்ச்சல் அன்று மாலையே மாணவியின் மேல் ஏறிக்கொண்டது. பேராசிரியர் பதறிப்போய், மறுநாள் விமானத்திலேயே ஊர் திரும்பச் சொன்னார். செய்தி தெரிந்ததும் தெருவே அவள் அறை வாசலில் கூடிவிட்டது, நலம் விசாரிக்க அல்ல.

"எங்க தெருப் பொருளை வெளிநாட்டுக்குக் கடத்திட்டுப் போறது நல்லாயில்ல, டாக்டரம்மா," என்றார் பேக்கரிக்காரர். பின்னால் இஸ்திரிக்காரம்மா முன்கூட்டியே வாங்கிவைத்த ஆரஞ்சுப் பையோடு நின்றார்.

கம்பளி சுருங்கிக் கைக்குட்டை அளவாகியிருந்தது. காய்ச்சல் அதில் கொள்ளவில்லை. மாணவி தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி, மடித்து, இஸ்திரிக்காரம்மாவின் கையில் வைத்தாள். வைத்ததுமே இவளுக்கு வேர்த்துக் குளிர்ந்தது. அவருக்குப் பல் தந்தியடித்தது. "பழசைவிட ஒசத்தி," என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு. மகன் இருட்டுவதற்குள் வந்துசேர்ந்தான்.

நோய் ஒழிந்ததாக அறிக்கை எழுத முடியாமல் மாணவி அந்தப் பாடத்தில் தோற்றாள். மறு வருஷம் எழுதித் தேறினாள். இப்போது சொந்த ஊரில் டாக்டர். தெரு அவளையும் ஒரு வீடாகச் சேர்த்துக்கொண்டுவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை கோட்டு பார்சலில் வரும், நன்றாக இஸ்திரி போட்டு. அவளுடைய தாயார் கையெழுத்துப் போட்டு வாங்கிவைத்து, கிளினிக் கதவில் 'விடுமுறை' பலகையை மாட்டிவிட்டு, ஆரஞ்சு வாங்கக் கடைக்குக் கிளம்புவார்.