குழாயடிச் செடி

வீட்டின் முன்புறத்தில் நாள் முழுதும் வெயில் காயும். மண்ணோ பாதிக்குமேல் சரளைக் கல். அவ்விடத்தில் தையற்காரி சால்வியா என்ற பூச்செடிப் புதர்களை வளர்த்துவந்தது அவளுடைய நாத்தனாருக்குக் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்திற்று. நாத்தனாரின் வீட்டுச் சந்தில் வண்டி நுழையாது. இந்த வீட்டிலோ அவளுக்கும் பாதிப் பங்கு உண்டு. ஆகவே ஒருநாள் தொலைபேசியிலேயே தீர்ப்பு வழங்கிவிட்டாள்.

"அடுத்த மாசக் கடைசியில கொத்தனாரோட வர்றேன். பூ இருந்தா உன் இஷ்டம். குச்சியா நின்னா சிமெண்டு போட்டு என் வண்டியை நிறுத்திடுவேன். அப்புறம் மூக்கைச் சிந்தாதே."

"வாங்க அண்ணி. தெருவுல வண்டிக்கு நல்ல இடமாப் பார்த்து வைக்கிறேன்."

மறுநாட் காலையே அவள் கத்தரியை எடுத்தாள். பூத்து ஓய்ந்து, நெடுநெடுவென வளர்ந்து சரிந்துகிடந்த கிளைகளில், அடியில் பச்சைத் துளிர் தெரியுமிடம் மட்டும் விட்டுவைத்து, மற்றதைத் தயவு தாட்சணியமின்றி வெட்டித் தள்ளினாள். இலையின் கார மணம் தெருமுனைவரை வீசிற்று. விலையுயர்ந்த பட்டுத் துணியை வெட்டும்போதும் நடுங்காத கை அது, இப்போதும் நடுங்கவில்லை. நடுங்கியவர் அவள் கணவர்.

"அக்கா வர்ற நேரத்துல இப்படி மொட்டையடிச்சு வச்சிருக்கியே!"

"பழைய கிளையில நாலு பூவைக் காட்டி அண்ணிகிட்ட கெஞ்சச் சொல்றீங்களா? புதுக்கிளை வரும், கொத்தாப் பூக்கும். நீங்க தண்ணி ஊத்தாம இருந்தாப் போதும். இலையே இல்லாத செடி எவ்வளவுதான் குடிக்கும்? நான் மண்ணைத் தொட்டுப் பார்த்து ஊத்திக்கிறேன்."

கணவர் தலையாட்டினார். ஆயினும் மொட்டைக் குச்சிகளைக் காணுந்தோறும் அவர் மனம் உருகிற்று. முகங்கழுவப் போகும்போதெல்லாம், குழாயடியில் நின்ற செடிக்கு மட்டும் ஒரு குவளை நீரைக் கமுக்கமாக ஊற்றிவந்தார்.

சொன்னபடியே நாத்தனார் வந்து இறங்கினாள். சிமெண்டு மூட்டையோடு கொத்தனாரும் வந்தார். சால்வியாக்கள் நீலமும் கருஞ்சிவப்புமாகக் கொத்துக்கொத்தாகப் பூத்துக் குலுங்கின. தேனீக்களின் இரைச்சல் வாசல்வரை கேட்டது. நாத்தனாரின் கண்களோ குழாயடிக்குத்தான் சென்றன. அங்கிருந்த செடி அடி கறுத்து அழுகி நின்றது.

"இதோ ஒண்ணு செத்துக் கிடக்கே! இந்த மண்ணுல எதுவும் நிக்காதுன்னு நான் சொல்லல?"

தையற்காரி வாய் திறக்குமுன் கணவர் முன்னே வந்தார். "மண்ணு மேல பழி போடாதக்கா. பாவமேன்னு நான்தான் தண்ணி ஊத்திக் கொன்னுட்டேன்."

நாத்தனார் தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள். "டேய், சின்ன வயசுல தொட்டி மீனுக்குப் பாக்கெட் பாக்கெட்டா பிஸ்கட்டைப் போட்டு மிதக்கவிட்டவன்தானே நீ!" என்று தொடங்கியவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரி, பூத்திருக்கு. சொன்ன சொல்லு மாற மாட்டேன்."

"அப்போ நான் மூட்டையைத் திருப்பி ஏத்தவா?" என்றார் கொத்தனார்.

"ஏண்ணே?" என்றாள் தையற்காரி. "குழாயடி எப்பவும் ஈரம். அங்க இனிமே செடி வேண்டாம். துணி துவைக்க ஒரு மேடை கட்டுங்க. அண்ணி சிமெண்டும் வீணாகாது."

மாலைக்குள் மேடை எழும்பியது. மறுநாட் காலை தையற்காரி கணவரின் கையில் குவளையைக் கொடுத்தாள்.

"புதுச் சிமெண்டு. நல்லா நனையணும். இதுக்கு ஆசை தீர ஊத்துங்க."