அயோடின் காட்டிய தடங்கள்

இலையில் கறுப்புத் தாள் ஒட்ட மறந்தது, மாணவிகள் முன்னால் நின்றபோதுதான் உயிரியல் டீச்சருக்கு உறைத்தது. தாள் மறைத்த இடம் வெளுத்திருக்கும், வெயில் பட்ட இடம் அயோடினில் கறுக்கும், அதுதான் பாடமே. முன்பெல்லாம் ஆய்வக உதவியாளர், "உங்க மறதிதான் ஊரறிஞ்சதாச்சே, நான் பாத்துக்கறேன்" என்று தன் ஆறு விரல் கையால் ஒட்டிவிடுவார். அவர் போய்ச் சேர்ந்து ஒரு மாதமாகிறது.

இன்றைக்கு மானம் கப்பலேறப் போகிறது என்று நொந்தபடி, ஆல்கஹாலில் வெளுத்த அகன்ற இலைமேல் அயோடினை ஊற்றினாள். இலை மளமளவென்று கறுத்தது. நடுவில் மட்டும் விரல் விரலாக வெளிர்த் தடங்கள்.

"எதை வச்சு மறைச்சீங்க டீச்சர்?" என்றாள் முன்வரிசைக்காரி.

டீச்சர் தடங்களை மூன்று தரம் எண்ணினாள். மூன்று தரமும் ஆறுதான் வந்தது.