பசைக் காட்சி

வேலூர் லாங் பஜார் பக்கத்தில் ஒரு மாடி ஹாலில் ஞாயிறுதோறும் மைம் வகுப்பு நடந்தது. சென்னையிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்த நவநீதன், பேசாமல் நடிப்பதில் பேர் பெற்றவர். ஆம்பூர் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டும் சம்பூர்ணம் முப்பத்தெட்டு வயதில் அவரிடம் கற்க வந்தாள். முதல் நாளே அவருக்கு அவளைப் பிடிக்கவில்லை.

"பொழுது போகாதவங்க வர்ற எடம் இல்லம்மா இது."

இல்லாத சுவரைத் தடவி நடிக்கும்போது அவள் கை நழுவினால் குச்சியால் தட்டுவார். கூடப் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அவர் கை வைத்தால் வெறும் காற்றில் சுவர் நிற்கும். அந்த வித்தைக்காகவே அவள் பொறுத்துக்கொண்டாள்.

ஐந்தாம் வாரம் ஆளுக்கொரு காட்சி நடிக்கச் சொன்னார். சம்பூர்ணம் தன் வேலையையே நடித்தாள். சோலுக்குப் பசை தடவி, காயும்வரை காத்திருந்து, ஒட்டி அழுத்தினாள். பசை நெடியில் தலை சுற்றிச் சாய்ந்தவள், சூப்பர்வைசர் வருவதைக் கண்டு விறைத்து நிமிர்ந்தாள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

"இது மைம் இல்ல, டூட்டி," என்றார் மாஸ்டர். "கடைசி நாள் ஷோல உனக்கு எடம் கெடையாது."

ஷோவுக்கு அவள் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனாள். கூட வேலை செய்யும் நசீமுன்னிசாவும் நான்கு பெண்களும் உடன் வந்தார்கள். வெள்ளை பூசிய முகத்தோடு மேடைக்கு வந்த மாஸ்டர் பிரஷ் பிடித்துப் பசை தடவினார்.

"இன்னாடி, இது நீ கிளாஸ்ல நடிச்சேன்னு சொன்னதாச்சே!" என்றாள் நசீமுன்னிசா.

தடவிய கையோடு அவர் சோலை ஒட்டியதும் சம்பூர்ணம் எழுந்துவிட்டாள்.

"மாஸ்டர், பசை இன்னும் காயல! இப்ப ஒட்டினா பிச்சுக்கும். திருடறதையாவது சரியா பாத்துத் திருடக் கூடாதா?"

பெண்கள் வெடித்துச் சிரித்தார்கள். அவர் தொடர்ந்து நடிக்கப் பார்த்தார். சிரிப்பு அடங்கவில்லை.

"யார்யா இவள உள்ள விட்டது? வெளிய தள்ளுங்க!" என்று மேடையிலேயே கத்திவிட்டார். பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள்.

அவள் மாடிப்படியில் இறங்கும்போது அவர் பின்னாலேயே வந்தார். "உனக்குப் போய்க் கத்துக் குடுத்தேன் பாரு!"

"கத்துக் குடுத்தீங்க, இல்லன்னு சொல்லல. ஆனா அது என் பொழப்பு மாஸ்டர். அத வச்சி இன்னொரு தபா மேடை ஏறினா, கம்பெனியே பஸ் ஏறி வரும்."

அவர் காறித் துப்பிவிட்டு உள்ளே போனார். சான்றிதழ் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், கம்பெனி கேன்டீனில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு, சம்பூர்ணம் தன் பசைக் காட்சியை நடித்துக் காட்டினாள். கோபம் துளியும் குறையாத முகத்தோடுதான் நடித்தாள். இரண்டாவது ஷிஃப்ட்காரர்களும் வந்து சுற்றி நின்றார்கள்.